பழைய ஸ்வீடிஷ் பந்தய மிதிவண்டியை அடையாளம் கண்டு மீட்டெடுக்க: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஸ்வீடனின் உப்சாலா நகரில் குடியேறிய இரண்டாம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், கிரெசென்ட் என்ற ஸ்வீடிஷ் பெயர் கொண்ட ஆரஞ்சு நிறப் பந்தய மிதிவண்டி ஒன்றைத் தனியார் ஒருவரிடம் 900 குரோனாவுக்கு வாங்கினேன். அது சாலையில் இறங்கியபோது ஏப்ரல் முடியும் தறுவாய். இடைப்பட்ட காலத்தில் நான் உண்மையில் கை வைத்து உழைத்தது ஐந்து வார இறுதிகள் மட்டுமே. மீதிக் காலமெல்லாம் பொருந்தாத பாகங்களை வாங்கித் திருப்பி அனுப்புவதிலும், அவசரத்தில் கெடுத்துவிட்ட ஒரு கிராங்குக்கு (பெடல் பொருந்தும் கைக்கு) மாற்றுத் தேடுவதிலும் கழிந்தது. இந்தத் தொல்லைகள் அனைத்துக்கும் வேர் ஒன்றுதான். ஸ்வீடன் தொழிற்சாலைகள் பிரேமைச் செய்தன; பிரேக், கியர், கிராங்க், ஹப் போன்றவற்றைப் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், பிற்காலத்தில் ஜப்பான் எனப் பல நாடுகளிலிருந்து வரவழைத்துப் பூட்டின. அக்காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மரை அளவு இருந்தது. எனவே பிரேமில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது. அளந்த பிறகே வாங்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை ஒட்டியே அமைந்திருக்கிறது.

1. வாங்கும் பருவமும் தாள்களும்

ஸ்வீடனில் பழைய மிதிவண்டி வாங்கச் சிறந்த காலம் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை. அப்போது வீட்டுக் களஞ்சியத்தைக் காலி செய்பவர்கள் விற்கிறார்கள், வாங்குபவர்கள் குறைவு. ஏப்ரலில் நிலைமை தலைகீழாகிவிடும். பழுதுபார்க்கும் கடைகளிலும் அப்போதுதான் காத்திருப்பு நீளும். பிளாக்கெட் தளத்தில் நேரடி விற்பனையும், திராதெரா தளத்தில் ஏலமும் நடக்கின்றன. வார இறுதிகளில் நடக்கும் ‘லோப்பிஸ்’ எனப்படும் பழைய பொருள் சந்தைகளிலும் அவ்வப்போது நல்ல வண்டி கிடைக்கும். முதல் வண்டியை ஏலத்தில் எடுக்காதீர்கள். கையால் தொட்டு, சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் அசைகிறதா என்று திருகிப் பார்க்க முடியாத வண்டிக்குப் பணம் கட்டுவது புதியவருக்கு ஆபத்து.

திருட்டு மிதிவண்டி குறித்த எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடன் சட்டப்படி, திருடப்பட்ட பொருளை நீங்கள் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதன் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. உண்மையான உரிமையாளர் கேட்டால் திருப்பித் தந்தாக வேண்டும், பணமும் போய்விடும். அதோடு, சந்தேகப்படக் காரணம் இருந்தும் வாங்கியவர் குற்றவாளியாகவும் கருதப்படலாம். ஆகவே பணம் கொடுக்கும் முன் பிரேம் எண்ணைத் தேடிப் படம் எடுங்கள். பொதுவாக அது சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ, அதன் மேல் இணைப்பிலோ, பெடல் அச்சுக்கூட்டின் அடியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். எண் அரத்தால் ராவப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். ஐயம் இருந்தால் காவல்துறையின் அவசரமற்ற எண்ணான 114 14இல் கேட்டுத் தெளிந்த பிறகு மேலே செல்லுங்கள். விற்பவரின் பெயர், தேதி, தொகை, பிரேம் எண், இருவர் கையெழுத்து ஆகியவை கொண்ட ஒரு தாள் போதும். ஸ்விஷ் செயலி வழியாகப் பணம் அனுப்பினால் அதுவே இன்னொரு சான்றாகும். ஆனால் அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கும் பேங்க்-ஐடி என்ற மின்னணு அடையாளமும் தேவை என்பதால், புதிதாக வந்தவர்கள் அவை கிடைக்கும் வரை ரொக்கத்தோடு கையெழுத்துத் தாளையும் கட்டாயமாக்கிக் கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டில் இழப்பீடு கோரும் நாளில் இந்தத் தாளும், அங்கீகரிக்கப்பட்ட பூட்டின் ரசீதும்தான் கேட்கப்படும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மிதிவண்டி அறையில் காற்றில்லாமல், தூசி படிந்து, யாரும் தொடாததுபோல் நிற்கும் வண்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அது யாரோ ஒருவருடையது. குடியிருப்புச் சங்கம் அறிவிப்பு ஒட்டிக் காலக்கெடு கொடுத்து அகற்றும் முறை இருக்கிறது, அதன் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

2. பிரேமின் உடல்நிலை

வண்டியின் எல்லாப் பாகங்களையும் மாற்றலாம், பிரேமை மாற்ற முடியாது. ஆகவே விற்பவர் முன்னிலையிலேயே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். ஹேண்டில்பார் நுழையும் முன்குழாய்க்குப் பின்னால், மேல்குழாய், கீழ்க்குழாய் இரண்டின் அடிப்புறத்தையும் விரலால் தடவுங்கள். மடிப்போ வீக்கமோ தட்டுப்பட்டால் வண்டி எதிலோ மோதியிருக்கிறது. அடுத்து, ஒரு நூலைப் பின்சக்கர அச்சு பொருந்தும் இடத்தில் கட்டி, முன்குழாயைச் சுற்றி வந்து மறுபுற அச்சிடத்தில் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்டல்ல. ஐந்து என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மூன்றாவதாகச் சீட் போஸ்டையும் ஹேண்டில்பார்த் தண்டையும் அசைத்துப் பாருங்கள். இந்நாட்டில் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் இறங்கினால் எஃகுக் குழாய்க்குள் இருக்கும் அலுமினியத் தண்டு அரித்து இறுகிப்போகும். இறுகியிருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை, ஆனால் விலையில் பாதியைக் குறைக்கச் சொல்வது நியாயம்.

3. அடையாளம் காணுதல்

கிரெசென்ட், மோனார்க், ஹஸ்க்வர்னா, ஹெர்மெஸ், ரெக்ஸ் என்று பல பெயர்கள் கண்ணில் படும். கிரெசென்டைத் தயாரித்த உப்சாலாவின் நீமான் நிறுவனமும் வார்பெர்க் நகரின் மோனார்க்கும் 1960களின் தொடக்கத்தில் ஒன்றாகிவிட்டதால், அதன் பிறகு வந்த கிரெசென்டையும் மோனார்க்கையும் ஒரே குடும்பமாகவே கருதலாம்; பெயர்ப்பட்டையின் வேறுபாட்டுக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

விலை ஏறுவது கிரெசென்டின் உயர்தரப் பந்தய மாடலான ‘பெபீத்தா ஸ்பெஷல்’ என்ற பெயரைக் கேட்கும்போது. ஸ்வீடனின் மிதிவண்டிப் பந்தய வீரர்களான பெத்தர்சன் சகோதரர்கள் நால்வர் 1967, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து குழு நேரப்பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றது கிரெசென்ட் வண்டிகளில்தான். மூத்தவரான யோஸ்தா 1971இல் இத்தாலியைச் சுற்றிவரும் பல நாள் பந்தயமான ‘ஜீரோ தித்தாலியா’வையும் வென்றார். அந்தப் புகழுக்குப் பிறகு ஆரஞ்சு வண்ணமும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட ஒட்டுப்படமும் இங்கே ஒருவித முத்திரையாகிவிட்டன. ஆனால் ஆரஞ்சு வண்ணம் அந்நிறுவனத்தின் மலிவான மாடல்களிலும் இருக்கிறது, ஒட்டுப்படத்தின் நகலை யாரும் இன்று அச்சிட்டு ஒட்டலாம். என் வண்டியும் விளம்பரத்தில் பெபீத்தா ஸ்பெஷல் என்றே இருந்தது. அது அப்படியல்ல என்பதை வீட்டுக்கு வந்து அளந்த பிறகே அறிந்தேன். வண்ணத்தையும் எழுத்தையும் ஒதுக்கிவிட்டு இவற்றைப் பாருங்கள்.

முதலில் சீட் போஸ்டின் விட்டம். வெர்னியர் அளவியால் அளந்தால் 27.2 மி.மீ. என்று வந்தால், மெல்லிய சுவர் கொண்ட உயர்தரக் குழாயாக இருக்க வாய்ப்பு மிகுதி. ரெனால்ட்ஸ் 531 என்ற பிரிட்டிஷ் எஃகு வகையில் உள்சுவர் இருமுனைகளில் மட்டும் தடித்த குழாய்களுக்குப் பெரும்பாலும் அந்த அளவுதான். 26.4, 26.2 போன்ற அளவுகள் கனமான குழாயைக் காட்டும். என் வண்டியில் 26.4. ரெனால்ட்ஸ் ஒட்டுப்படம் மிஞ்சியிருந்தால் அதன் சிறு எழுத்துகளையும் படியுங்கள். பிரேமின் மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டும் அந்த எஃகா, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கும் பின்கால்களும் சேர்த்தா என்பது அதில் இருக்கும். இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு.

அடுத்துப் பின்சக்கரம் பொருந்தும் முனைகள். உயர் மாடலில் அவை காய்ச்சி அடித்த தடித்த எஃகாக இருக்கும். கம்பக்னோலோ, சிம்ப்ளெக்ஸ், ஹூரே போன்ற பாகத் தயாரிப்பாளரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கும், கியர் தொங்கும் காதும் அதனோடு ஒரே துண்டாக இருக்கும். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த தட்டையான முனை என்றால் அது நடுத்தர அல்லது சாதாரண வண்டி.

பிறகு கிராங்க். இரு கைகளும் நடு அச்சும் ஒரே எஃகுக் கம்பியாக வளைந்து செல்லும் ‘ஃபௌபெர்’ வகை ஸ்வீடன் நகர வண்டிகளில் மிகவும் பரவலானது. வளைந்த ஹேண்டில்பார் இருந்தும் கிராங்க் இவ்வகையென்றால், அது பந்தய வண்டியின் தோற்றம் கொண்ட அன்றாட வண்டி. ஓட்ட நல்லதுதான், பந்தய வண்டியின் விலையைத் தராதீர்கள்.

ஆண்டைக் கணிக்கப் பாகங்களே உதவும். கம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்ட் பின் கியரில் 1970 முதல் காப்புரிமைச் சொல்லோடு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். வைன்மன் பிரேக் கைகள் பலவற்றின் பின்புறம் கடிகார முகம்போன்ற சிறு வட்டத்தில் ஆண்டு இருக்கும். ஷிமானோ பாகமென்றால் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள்: முதலெழுத்து ஆண்டு, ‘ஏ’ என்றால் 1976, ‘பி’ என்றால் 1977 என்று தொடரும், இரண்டாம் எழுத்து மாதம். ஒரு பாகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். மூன்று பாகங்கள் ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் ஒத்துப்போனால் அதுவே வண்டியின் காலம்.

4. மரை அளவுகள்: எதையும் திருகும் முன்

பணமும் பொறுமையும் வீணாகும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். பெடல் அச்சை இருபுறமும் தாங்கும் அச்சுக்கூட்டின் கப்புகள் நான்கு வகை மரைகளில் ஒன்றாக இருக்கும். பிரிட்டிஷ் வகை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டது. பிரெஞ்சு வகையும் சுவிஸ் வகையும் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. இத்தாலிய வகை 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. இதில் பொறி என்னவென்றால், செயின் பக்கத்துக் கப்பு பிரிட்டிஷ், சுவிஸ் வகைகளில் இடது மரை, அதாவது கழற்றுவதற்கு வலஞ்சுழியாகத் திருக வேண்டும். பிரெஞ்சு, இத்தாலிய வகைகளில் வழக்கமான வலது மரை. தவறான திசையில் நீண்ட கைப்பிடி போட்டு அழுத்தினால் கப்பு மேலும் இறுகும், அல்லது பிரேமின் மரையே வழித்துக்கொண்டு வந்துவிடும். கப்பின் முகத்தைத் துடைத்தால் பெரும்பாலும் அளவு பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எதுவும் தெரியவில்லை என்றால், செயின் பக்கத்துக் கப்பைக் கழற்றாமலேயே விட்டுவிடுங்கள். இடப்புறக் கப்பையும் அச்சையும் எடுத்துவிட்டு, உள்ளே துணி விட்டுத் துடைத்துப் பார்த்தால், பால்ஸ் எனப்படும் எஃகுக் குண்டுகள் ஓடும் தடம் வழவழப்பாக இருக்கும் வரை அதற்கு எந்த வேலையும் இல்லை.

பெடலும் அவ்வாறே. பிரெஞ்சுப் பெடல் 14 மி.மீ. விட்டம், மற்றவை 9/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 14.3. இந்த நூலிழை வேறுபாட்டால் ஒன்று மற்றொன்றில் இரண்டு சுற்றுகள் ஏறிவிடும்; அதற்குப் பிறகு பலம் கொடுத்தால் கிராங்க் கை பாழ். ஹேண்டில்பார்த் தண்டு 22.2 மி.மீ. என்பது வழக்கம், பிரெஞ்சு அளவு 22.0. பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதியான ஃபிரீவீலின் பழைய மரையிலும் பிரெஞ்சு, பிரிட்டிஷ், இத்தாலிய வேறுபாடு உண்டு என்பதால் பின் ஹப்பை அளக்காமல் புது ஃபிரீவீல் வாங்காதீர்கள்.

நான் கெடுத்த கிராங்கின் கதை இது. என் வண்டியில் இருந்தது ஸ்ட்ராங்லைட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கிராங்க். அதன் பழைய கிராங்குகளைக் கழற்றும் கருவிக்கு மரை விட்டம் 23.35 மி.மீ. நான் வாங்கியது எங்கும் கிடைக்கும் 22 மி.மீ. கருவி. அது உள்ளே தளர்வாகப் புகுந்து நுனி மரைகளை மட்டும் பற்றிக்கொண்டது. இறுக்கியதும் மென்மையான அலுமினிய மரை முழுவதையும் சுருளாகச் சீவிக்கொண்டு வெளியே வந்தது. மாற்றுக் கை தேட ஆறு வாரம், 400 குரோனா. கருவி எவ்வித எதிர்ப்பும் இல்லாமல் எளிதாகப் புகுந்தாலே அது தவறான கருவி என்று நிறுத்தியிருக்க வேண்டும். கையை அச்சோடு இறுக்கும் ஆப்பான கோட்டர் பின் கொண்ட கிராங்காக இருந்தால், நம் ஊர் வண்டிகளில் பார்த்துப் பழகிய அதே கோட்டர் பின்தானே என்று கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள், 9.0, 9.5 என இரண்டு அளவுகள் உண்டு, பழையதைக் கழற்றி அளந்துகொண்டே செல்லுங்கள்.

டயரின் அங்குலக் கணக்கு இன்னொரு குழப்பம். ‘28’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 28 x 1½ என்பதன் ரிம் விட்டம் 635 மி.மீ.; தமிழ்நாட்டில் பால்காரர்கள் ஓட்டிய கனத்த சைக்கிளுக்கும், ஸ்வீடனின் பழைய நகர வண்டிக்கும் அதே அளவுதான். 28 x 1⅝ x 1⅜ என்றால் 622. பந்தய வண்டிகளின் 700 சி என்பதும் அதுவே. 27 x 1¼ என்றால் 630. ஆகவே டயரின் பக்கவாட்டில் இணைப்புக்கோட்டோடு எழுதப்பட்ட மூன்றிலக்க எண்ணை மட்டும் பாருங்கள். 630 ரிம்மை அகற்றி 622 பொருத்த விரும்பினால், பிரேக் கட்டைகள் 4 மி.மீ. கீழே இறங்க இடம் இருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும்.

5. பிரித்தல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படமெடுங்கள்; கழற்றியதை அப்படியே தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பால்ஸை எண்ணி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பெடல் அச்சில் ஒரு பக்கத்துக்கு ¼ அங்குலத்தில் 11, பின் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு ¼ அங்குலத்தில் 9, முன் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலத்தில் 10 இருக்கும். கம்பக்னோலோ முன் ஹப்பில் 7/32 அங்குலம் 9 என்பதால் அளந்தே வாங்குங்கள்.

இறுகிய சீட் போஸ்டுக்கு ஊடுருவும் எண்ணெயை மூன்று நான்கு நாள் தொடர்ந்து, பிரேமைத் தலைகீழாக வைத்தும் விட வேண்டும். அலுமினியம் குளிரில் எஃகைவிட இரு மடங்கு சுருங்கும். ஜனவரி இரவு ஒன்றில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, விடியலில் சீட்டைப் பிடித்துத் திருகியபோதுதான் என்னுடையது அசைந்தது. இந்நாட்டுக் குளிர் இலவசமாகத் தரும் உதவி என்பதால் முதலில் அதை முயலுங்கள்.

சிம்ப்ளெக்ஸ் கியர்களில் பல, டெல்ரின் என்ற நெகிழிப் பகுதிகள் கொண்டவை. ஐம்பது ஆண்டு கடந்த அந்த நெகிழி விரிசல் விட்டிருந்தால் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்ட நம்பாதீர்கள்.

6. துருவும் வண்ணமும்

பிரேமை மொத்தமாகச் சுரண்டிப் புதிதாக வண்ணம் பூசும் ஆசை எல்லோருக்கும் வரும். என் தீர்மானமான கருத்து, மூல வண்ணம் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் தொடாதீர்கள் என்பதே. அந்த ஆரஞ்சையும் கட்டங்களையும் ஒருமுறை அழித்துவிட்டால் பிறகு எந்தப் பட்டறையாலும் அதைத் திருப்பித் தர முடியாது, விற்கும்போது விலையும் குறையும். இளஞ்சூடான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, மெழுகு தேய்த்தாலே வியக்கத்தக்க மாற்றம் தெரியும்.

குரோமியம் பூசிய இடங்களின் மேல்துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்ப்பது போதும். ஆழ்ந்த துருவுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் வேலை செய்யும், ஆனால் அது நச்சு: கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் எட்டாதபடி செய்யுங்கள். எஃகுப் பாகங்களை மட்டும் அதில் ஊறவையுங்கள், அலுமினியத்தை அல்ல. முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். எஞ்சிய கரைசலைக் கழிவுநீரில் ஊற்றாமல், நகராட்சியின் மறுசுழற்சி நிலையத்தில் அபாயகரக் கழிவுக்கான இடத்தில் ஒப்படைக்க வேண்டும். குழாய்களின் உட்புறத்துக்கு, துருத்தடுப்பு எண்ணெயைத் தெளித்து ஓரிரவு கவிழ்த்து வையுங்கள்.

7. செலவு

என் கணக்கை அப்படியே தருகிறேன். வண்டி 900, டயரும் ட்யூபும் 700, கேபிளும் பிரேக் கட்டைகளும் 380, பால்ஸும் கிரீஸும் 190, ஃபிரீவீலும் செயினும் 450, ஹேண்டில்பார் நாடா 150, கருவிகள் 820, கெடுத்த கிராங்குக்கு மாற்று 400. மொத்தம் 3,990 குரோனா. கடைசி இரண்டும் குறைத்திருக்கக் கூடியவை. மால்மோ, கோத்தன்பர்க், ஸ்டாக்ஹோம் நகரங்களில் ‘மிதிவண்டிச் சமையலறை’ என்று பொருள்படும் பெயரில் தன்னார்வப் பட்டறைகள் நடக்கின்றன. அங்கே கருவிகளும் அனுபவமுள்ளவர்களும் உண்டு. ஒருமுறை மட்டும் தேவைப்படும் விலையுயர்ந்த கருவியை வாங்கும் முன் அங்கே போய்க் கேளுங்கள்.

வாங்கும் வரிசையும் முக்கியம். கழுவி, அளந்து, எல்லாப் பாகங்களையும் ஆராய்ந்து முடியும் வரை ஒரு குரோனாவும் செலவழிக்காமல், பிறகு ஒரே பட்டியலாக வாங்கினால் அஞ்சல் கட்டணமே பெருமளவு மிச்சமாகும்.

8. பூட்டுதல், முதல் ஓட்டம்

மரைகள் அனைத்திலும், சீட் போஸ்டிலும், ஹேண்டில்பார்த் தண்டிலும் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். ஹப் அச்சில் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோன்களை இறுக்கும்போது, அச்சு தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் ஆட்டம் இருக்கக் கூடாது. அந்த இடைநிலையைக் கண்டுபிடிக்க ஏழெட்டு முறை தளர்த்தி இறுக்க வேண்டியிருக்கும், அது இயல்பு. இரும்பு ரிம் கொண்ட வண்டி மழையில் பிரேக் பிடித்தாலும் நெடுந்தூரம் வழுக்கிச் செல்லும் என்பதை மறக்காதீர்கள். அன்றாடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அலுமினிய ரிம்முக்கு மாறிவிடுங்கள்.

சாலையில் இறக்கச் சட்டப்படி பிரேக்கும் மணியும் வேண்டும். இருட்டில் ஓட்டினால் முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும், பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், இரண்டும் 300 மீட்டரில் தெளிவாகத் தெரிய வேண்டும். முன், பின், பக்கவாட்டு பிரதிபலிப்பான்களும் தேவை. பழைய பந்தய வண்டிகளில் இவை எதுவும் இருக்காது என்பதால் பட்டியலில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். திரும்பி வந்ததும் கிராங்க் திருகுகளையும், கோட்டர் பின் இருந்தால் அதன் நட்டையும் மீண்டும் இறுக்குங்கள்; ஐம்பது கிலோமீட்டர் கழிந்ததும் இன்னொருமுறை. தளர்ந்த கிராங்கை மிதித்து ஓட்டினால் அதன் சதுரத் துளை ஒரே நாளில் வட்டமாகிவிடும். அக்டோபரில் சாலையில் உப்பு விழும் முன் வண்டியை உள்ளே எடுத்துவிடுங்கள், அந்த மாதங்களுக்கு வேறொரு பழைய வண்டி போதும்.